மாத்திரையைக் குறைக்க வேண்டாம், பில்லைக் குறைப்போம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள், காரனோடை, சோழவரம், செங்குன்றம் என்று ஜி.என்.டி. சாலை நெடுக ஆட்களை இறக்கிக்கொண்டே போகும். இறங்குபவர்களில் சிலர் வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் நிற்பார்கள். சீட்டில் 30 நாளுக்கு எழுதியிருக்கும். “அண்ணே, 10 நாளைக்கு மட்டும் குடுங்க. சம்பளம் வந்ததும் மீதியை வாங்கிக்கிறேன்” என்பார்கள். கத்தரிக்கோல் அட்டையை வெட்டும்.

சில வீடுகளில் அந்த 10 நாள் மாத்திரை 20 நாளுக்கு ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள். அல்லது தலைசுற்றினால் மட்டும். பி.பி.யும் சர்க்கரையும் வலி காட்டாத நோய்கள் என்பதால், காசு மிச்சமானது போலத்தான் தெரியும். பக்கவாதமோ, சிறுநீரகப் பழுதோ வந்து நிற்கும்போதுதான் கணக்கு தலைகீழாகும்.

செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன.

ஒரே மருந்து, பல விலை

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். இன்னொன்று மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பது போன்ற மருந்தின் பெயர். உடம்புக்குள் வேலை செய்வது இரண்டாவது. விலை ஏறி இறங்குவது பெரும்பாலும் முதலாவதால்.

சர்க்கரை நோய்க்கான எம்பாக்ளிஃப்ளோசின் நல்ல உதாரணம். மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகளும் தயாரிக்கத் தொடங்க, சில பிராண்டுகள் 10 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டன. பழைய சீட்டையே நீட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை.

காப்புரிமைக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்டிய வழக்கு ஒன்று சென்னையில்தான் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ல் அந்த மறுப்பே உறுதியானது. அப்போது அந்த மருந்துக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல். இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக் 10 ஆயிரம் ரூபாய் அளவில். பல குடும்பங்களுக்கு சிகிச்சை தொடருமா, நிற்குமா என்பதே இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

டாக்டரிடம் என்ன கேட்பது?

சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றித் தர சட்டத்தில் இடமில்லை. அதனால் டாக்டரிடமே கேட்டுவிடுவது நல்லது. “மாசா மாசம் இவ்வளவு முடியல சார், இதே மருந்து விலை கம்மியா இருந்தா எழுதித் தாங்க, மருந்தோட பேரையும் எழுதிடுங்க” என்று சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. முன்பு எழுதிய எல்லா மாத்திரைகளும் இன்னும் தேவையா என்றும் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய மருந்து ஆகியவற்றில் டாக்டருக்குத் தெரியாமல் பிராண்டைக்கூட மாற்றக் கூடாது.

எங்கே வாங்கலாம்?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், மருந்தகத்தில் தொழிலாளிக்கும் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் மருந்து இலவசம். பிடித்தம் 0.75 சதவீதம்தான். ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், ஒரு கட்டத்தில் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த ஏற்பாட்டை முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

அந்த அடுத்த ஏற்பாடு அரசு மருத்துவமனையாக இருக்கலாம். அங்கே மருந்து எல்லோருக்கும் இலவசம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட்டில் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தனியார் டாக்டரிடம் போகிறோம் என்பதற்காக இதை விட்டுவிட வேண்டியதில்லை.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. எல்லா மருந்தும் எப்போதும் இருக்காது. இருப்பதை அங்கே வாங்கி, மீதியை மட்டும் வெளியே வாங்கினாலே பில் இறங்கும். வழக்கமான கடையிலும் பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

வீட்டில் யார் மாத்திரையைக் குறைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது பல நேரம் வீட்டுக்கே தெரியாது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று பெற்றோர் சொல்லாமலே மிச்சம் பிடிப்பார்கள். இன்று இரவு அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். நாளும் மாத்திரையும் ஒத்துப்போகவில்லை என்றால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏம்ப்பா, காசுக்காகவா?” என்று மெதுவாகக் கேளுங்கள்.