கோட்டக்கல் ஏன் வீழ்ந்தது?

குஞ்ஞாலி மரைக்காரைப் பற்றி எழுதும்போது நம்மவர் பேனா இரண்டு வழிகளில்தான் ஓடுகிறது. ஒன்று, போத்துக்கேயர் சூட்டிய 'கடற்கொள்ளையர்' என்ற பட்டத்தை அப்படியே ஒப்புவிப்பது. மற்றது, அவரைச் சிலுவைக்கு எதிராக வாளேந்திய தனி முஜாஹிதாக்கி தக்பீர் முழங்குவது. இரண்டுமே வரலாற்றுக்கு இழைக்கும் அநியாயம்.

கடற்கொள்ளையர் யார்? 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டைப் போத்துக்கேயரே எழுதினர், அவரே விற்றனர். சீட்டில்லாத கப்பலைப் பறித்தனர். எதிர்த்தவன் கொள்ளையன்! 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு தீக்கிரையாக்கிய வாஸ்கோ ட காமாவோ பாடநூலில் 'நாடுகாண் பயணி'. சொந்தக் கடலில் இறங்கக் கடற்படையின் பாஸுக்காக யுத்தகாலத்தில் காத்துநின்ற திருகோணமலைக் கரையோரத்தவருக்கு இந்தச் சூட்சுமம் புரியும். இறக்கக்கண்டியில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இனி, தக்பீர் முழக்கத்துக்கு வருவோம். மரைக்கார்கள் யாருடைய கடற்படைத் தலைவர்கள்? கோழிக்கோட்டு இந்து மன்னர் சாமூத்திரியினுடைய தலைவர்கள். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் போத்துக்கேயரிடம் தோற்ற மரைக்கார் படை யாருக்கு உதவப் புறப்பட்டது? சீதாவக்கையின் சிங்கள மன்னன் மாயாதுன்னைக்கு. வடகரைக்கு அருகே ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த கோட்டக்கல் கோட்டையும் சாமூத்திரியின் அனுமதியோடு கட்டப்பட்டதே. இதை மார்க்க யுத்தமாகச் சுருக்குவோர் இந்த மன்னர்களை எங்கே வைப்பார்கள்?

1599 மார்ச்சில் லூயிஸ் ட காமா அக்கோட்டையைத் தாக்கிப் படுதோல்வி கண்டார். மறு ஆண்டு அந்திரே பூர்த்தாதோ கடல்வழியை அடைத்தார். சாமூத்திரியின் நாயர் படை தரைவழியை இறுக்கியது. கோட்டை வீழ்ந்தது. நான்காம் குஞ்ஞாலி தம்மை அரசராகவே பாவித்து, ஆதரித்த மன்னரைப் பகைத்துக்கொண்டார். மன்னரோ அந்தப் பகை தீர்க்க அந்நியனோடு கைகோத்தார். உயிருக்கு உத்தரவாதம் தந்த சாமூத்திரியிடம் 1600 மார்ச்சில் குஞ்ஞாலி சரணடைந்தார். பூர்த்தாதோ அவரைப் பறித்துக்கொண்டு கோவாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் தலை வெட்டப்பட்டது. உப்பிட்ட அத்தலை கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆக, கோட்டையைக் கடல் மட்டும் வீழ்த்தவில்லை. தரையில் இருந்த உறவு அறுந்தபோதுதான் விழுந்தது. இதை எழுத நம்மவருக்கு ஏன் கை கூசுகிறது? எழுதினால் நம்முடைய வீரரின் அகந்தையையும் சொல்லவேண்டும். அண்டை வீட்டாரின் துணையின்றி நமக்கு வரலாறே இல்லை என்பதையும் ஒப்பவேண்டும்.

கோட்டக்கல்லை வீழ்த்திய போத்துக்கேயர் அத்தோடு நிற்கவில்லை. கால் நூற்றாண்டு கழியுமுன் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பள்ளியும் கோயிலும் ஒரே கையால் அடிவாங்கிய கதை இது. மூன்று சமூகத்தாரும் ஒரே கடலை நம்பிப் பிழைக்கும் இந்தக் கரையில், அதைத் தனித்தனியே பங்குபோட்டு எழுதுகிறவர் எவராயினும், பூர்த்தாதோவின் முற்றுகையைத்தான் பேனாவால் தொடர்ந்து நடத்துகிறார்.