தோப்பு வீட்டுக்கு எத்தனை பேட்டரி?

பிளவக்கல் அணைப் பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்கு இன்னும் கரன்ட் வரவில்லை. 1,000 வாட் சோலார் பேனலும் 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றும் போட்டால் வீடு முழுக்க ஓடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். இதில் பேனல் கூடுதல், பேட்டரி குறைவு. பகலில் கிடைக்கும் கரன்ட்டைச் சேமிக்க இடமில்லாமல் வீணாகும். விடியும் முன்பே விளக்கு மங்கும். யானையும் பன்றியும் இறங்கும் மலையடிவாரத்தில் ராத்திரி வெளிவிளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று அங்கே குடியிருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, தினம் 5 மணி நேரம்: 180. மின்விசிறி இரண்டு, 10 மணி நேரம்: பழைய 75 வாட் விசிறி என்றால் 1,500, பி.எல்.டி.சி. வகை 30 வாட் என்றால் 600 மட்டுமே. டி.வி. 3 மணி நேரம் 120, செல்போன் சார்ஜ் 40, மிக்ஸி கால் மணி நேரம் 125. புது விசிறியோடு மொத்தம் 1,065 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்.

விசிறியில் மிச்சமான 900 வாட்-மணியைக் கவனிக்க வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். லெட்-ஆசிட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், எடுக்கக் கூடியது அதே 900தான். ஆக, விசிறியை மாற்றுவதே ஒரு பேட்டரி வாங்கியதற்குச் சமம். விலையோ அதில் ஒரு பங்கு. இருந்தாலும் இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் ராத்திரித் தேவைக்கு ஒரு பேட்டரி போதாது. இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்தால் ஒன்றரை நாள் தாங்கும்.

பேனலுக்குச் சித்திரை வெயிலை நம்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் முழு வெயிலுக்குச் சமமாகத் தினம் 3 மணி நேரம் கிடைக்கும் என்று வைத்தால் போதும். மேற்கே மலை இருப்பதால் அங்கே பொழுதும் சீக்கிரம் சாயும். இழப்புக்கு 30 சதவிகிதம் விட்டால் சுமார் 500 வாட் பேனல் வேண்டும். அதைத் தெற்குப் பார்த்து, 10 டிகிரி சாய்வில், நிழல் விழாத களத்தில் இரும்புக் கால் நட்டுப் பொருத்தலாம். தென்னை ஓலை ஒன்றின் நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாக இறங்கும். தோப்பு வீட்டுக் கூரைகளில் நடப்பது இதுதான்.

ஃபிரிட்ஜ், கிரைண்டர், கிணற்று மோட்டாரை இதில் சேர்க்கக் கூடாது. கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சோலார் பம்ப்செட்டுக்குத் தனி மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரிக்கலாம். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் மின்வாரிய இணைப்புள்ள வீடுகளுக்குத்தான். இந்த வீட்டுக்கு அது கிடைக்கும் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். அளவை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.