நீர்மூழ்கி அணு உலை: கல்பாக்கம் கற்றுத்தந்தது என்ன?

பிரிட்டன் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு அணு உலை தயாரிப்பது டெர்பி நகரில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம். 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு அதனுடன் சுமார் 900 கோடி பவுண்டு மதிப்பில் எட்டாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆக்கஸ் உடன்பாட்டின்படி ஆஸ்திரேலியாவின் நீர்மூழ்கிகளுக்கும் அதுவே உலை வழங்கவுள்ளது. இந்தியாவில் இப்படி ஒற்றை நிறுவனத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

இங்கு உலையை உருவாக்கியது பாபா அணு ஆராய்ச்சி மையம். நீர்மூழ்கியின் உடற்கூட்டை எல் அண்ட் டி கட்டியது. வால்சந்த்நகர் உள்ளிட்ட ஆலைகள் பல்லிணைப் பெட்டி போன்ற கருவிகளைச் செய்தன. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 2006 முதல் இயங்கும் முன்மாதிரி உலை. குறுகலான உடற்கூட்டுக்குள் அணு உலையும் நீராவிக் கலன்களும் அடங்குமா, ஒத்து இயங்குமா என்பது கடலுக்குப் போகும் முன் கரையிலேயே சோதிக்கப்பட்டது. கடற்படையினர் உலையை இயக்கப் பழகியதும் இங்கேதான். நெடுங்காலம் காக்கப்பட்ட இந்த ரகசியத்தை அரசு 2009 ஆகஸ்டில்தான் வெளியிட்டது.

கரையில் ஒரு முன்மாதிரி எதற்கு என்பதற்குப் பிரிட்டனிலேயே சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் டூன்ரே சோதனை உலையில், எரிபொருள் உறையில் ஏற்பட்ட நுண்ணிய விரிசல் 2012இல் தெரியவந்தது. கடலில் உள்ள நீர்மூழ்கிகளைவிட முன்கூட்டியே அதிக நேரம் இயக்கப்பட்டதால் குறை அங்கே முதலில் வெளிப்பட்டது. அதன் விளைவாக வான்கார்ட் நீர்மூழ்கிக்குப் புதிய எரிபொருள் நிரப்ப முடிவானது.

இந்தியாவின் சிக்கல் வேகம். 2009இல் நீரில் இறக்கப்பட்ட அரிஹந்த்தின் உலை 2013 ஆகஸ்டில்தான் தொடர்வினை நிலையை எட்டியது. கப்பல் 2016இல் படையில் சேர்ந்தது. அடுத்த அரிகாட் வந்தது 2024 ஆகஸ்டில். இந்தத் தாமதம் முழுவதையும் உலையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனால், எட்டு ஆண்டுகளுக்கு ஒன்று என்பது தொழிற்சாலையின் வேகமன்று, ஆய்வகத்தின் வேகம்.

2024 அக்டோபரில் இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகளுக்குப் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. ஏவுகணை தாங்கும் அரிஹந்த் மெதுவாக நகர்ந்து ஒளிந்திருந்தால் போதும். தாக்குதல் நீர்மூழ்கியோ எதிரிக் கப்பலைத் துரத்த வேண்டும். அதற்கு அரிஹந்த்தின் 83 மெகாவாட் உலையைவிட ஆற்றல் மிக்க உலை தேவை. அந்தப் புதிய உலையையும் முதலில் கரையில் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறார்களா, நேரடியாகக் கப்பலில் பொருத்தப் போகிறார்களா என்பதே அடுத்த முக்கியக் கேள்வி.