டி.பி குணமாகியும் சளி நிற்கவில்லையா?

ஆறு மாதம் டி.பி மாத்திரை சாப்பிட்டாயிற்று. கிருமி இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்தால் கட்டிகட்டியாகச் சளி. 'மறுபடியும் டி.பி-யோ?' என வீடே பயப்படும். அது திரும்பவும் வரலாம் என்பதால், முதலில் அதைப் பரிசோதித்துவிட வேண்டும். ஆனால் பலருக்குக் காரணம் வேறு.

டி.பி புண்ணாக்கிவிட்டுப் போன மூச்சுக்குழாய்கள் சிலருக்கு நிரந்தரமாக விரிந்து, தொளதொளவென ஆகிவிடும். இதன் பெயர் 'பிராங்கியெக்டாசிஸ்'. இந்தியாவில் இதற்கு முக்கியக் காரணமே பழைய டி.பி-தான்.

அங்கே தேங்கும் சளியில் குடியேறும் கிருமிகளில் பொல்லாதது, சூடோமோனாஸ் ஏருஜினோசா. காயத்துக்குக் கட்டிய துணிகள் நீலப்பச்சையாக மாறுவது ஏன் என்று ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் கார்ல் கெசார், 1882-ல் இதைக் கண்டுபிடித்தார். அந்த நிறத்துக்குக் காரணமான பொருள் பயோசயனின். பார்க்க அழகு, வேலை மோசம்!

நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் உண்டு. சளியை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருப்பவை அவைதான். பயோசயனின் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். சளி தேங்கும், கிருமி பெருகும், நஞ்சும் கூடும். இது போதாதென்று 'எக்ஸோடாக்சின் ஏ' என்றொரு நஞ்சு, நம் செல்கள் புரதம் தயாரிப்பதையே நிறுத்துகிறது. தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சும் இதே வழியில்தான் கொல்கிறது. இத்தனையும் செய்துவிட்டு, வழவழப்பான ஒரு கூட்டைக் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். மருந்து உள்ளே நுழைவதே சிரமம்.

பச்சைச் சளி என்றாலே இந்தக் கிருமிதான் என்று நினைக்க வேண்டாம். நம் வெள்ளையணுக்களில் இருக்கும் ஒரு என்சைம்கூடப் பச்சைதான். எனவே நிறத்தை வைத்து முடிவெடுக்காமல், 'ஸ்பூட்டம் கல்ச்சர்' எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில் தெரியும். அதைப் பார்க்காமல் மெடிக்கலில் 'சளிக்கு ஏதாவது கொடுங்க' என்று மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்குவது வீண்செலவு மட்டுமல்ல, கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதும்கூட.

சிலருக்கு அசித்ரோமைசினைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் மருத்துவர்கள் தருவார்கள். அது இந்தக் கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட, நஞ்சு தயாரிப்பைத்தான் குறைக்கிறது. இதயத்துடிப்பு, காது எல்லாம் பார்த்துத் தர வேண்டிய மருந்து என்பதால், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

மாத்திரைக்கு நிகரான இன்னொரு சிகிச்சை, சளியைத் தினமும் வெளியேற்றுவது. அதற்கான மூச்சுப் பயிற்சியையும், எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் சளி வடியும் என்பதையும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். சளியில் ரத்தம் தெரிந்தால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.