பாலினம் ஒரு சாதி அல்ல

அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் பாலினத்துக்கு ஒரு கட்டம் உண்டு, வகுப்புக்கு ஒரு கட்டம் உண்டு. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவர் இரண்டையும் உள்ளது உள்ளபடி நிரப்புகிறார். வகுப்புக் கட்டம் அவருக்கு 18 சதவீதத்தில் இடம் தருகிறது. பாலினக் கட்டம் தருவது என்ன என்று அரசாணைகளைப் புரட்டினால், அநேகமாக ஒன்றுமில்லை.

திருநர் மீது அக்கறை இல்லாத மாநிலமல்ல நம்முடையது. 2008இலேயே நல வாரியம் கண்டது. 2014 ஏப்ரல் 15இல் நால்சா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருநரைச் சமூக, கல்வி ரீதியில் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரு பாலின அடையாளத்தைச் சாதிப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டார்கள்.

தேர்வாணையத்தின் அறிவுரைகளில் இதன் விளைவு தெரியும். சாதிச் சான்றிதழ் இல்லாத திருநர் மிகவும் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவார். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத பிற வகுப்பில் பிறந்து சான்றிதழ் வைத்திருப்பவர் தம் வகுப்பிலேயே இருக்கலாம், விரும்பினால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் உள்ளவரோ தம் வகுப்பிலேயே கருதப்படுவார். ஆக, முற்பட்ட வகுப்பில் பிறந்த திருநங்கைக்கு 20 சதவீதத்தின் கதவு புதிதாகத் திறக்கிறது. தலித் திருநங்கை ஏற்கெனவே நின்ற இடத்திலேயே நிற்கிறார். பெண் என்று தம்மை அடையாளப்படுத்திக்கொண்டால் பெண்களுக்கான 30 சதவீதத்தில் போட்டியிடலாம், அவ்வளவுதான். தலித் திருநம்பிக்கு அதுவும் கிடையாது.

சான்றிதழ் இல்லாதவர் என்ற அந்த முதல் வகையைச் சற்று யோசிப்போம். பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளை, பீரோவில் இருக்கும் சாதிச் சான்றிதழையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கையில் எடுத்துக்கொண்டா வெளியேறும்? பிறகு புதிதாகக் கேட்டுப் போனால், தகப்பன் பெயர், தகப்பனின் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை என்று எல்லாம் துரத்திவிட்ட வீட்டு வாசலுக்கே திரும்பக் கொண்டுபோய் நிறுத்தும். அந்த வாசலை மிதிக்க முடியாத தலித் திருநங்கை காகிதத்தில் தலித்தாகவே இல்லாமல் போகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' எனப் பதிவான 4,87,803 பேரில் 78,811 பேர் பட்டியல் சாதியினர். பதிவானதே இவ்வளவு.

பெயர்களிலும் நாம் தெளிவு கொள்ள வேண்டும். திருநங்கை என்றதும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவை நினைப்பதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. பெண்ணாகப் பிறந்தவர் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பியரை ஊர் பார்ப்பதே இல்லை. பிறப்பிலேயே உடற்கூறு ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத ஊடுபால் குழந்தைகள் வேறு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை அந்தத் திருமணத்தை ஏற்றது. ஊடுபால் குழந்தைகளின் உடலை அறுவை செய்து 'சரிப்படுத்துவதை'த் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். இவையெல்லாம் 'நான் யார்' என்பது பற்றியவை. யார் மீது ஈர்ப்பு, யாரோடு வாழ்வது என்பது தனிக் கேள்வி. திருநங்கை எல்லோருக்கும் ஆண் மீதுதான் நாட்டம் என்பதில்லை. தன்பால் ஈர்ப்புள்ள பெண் ஆணாக மாற விரும்புகிறார் என்பதுமில்லை. யார் மீதும் உடல் நாட்டம் தோன்றாதவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் தலித் பக்கத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், அகமணத்தைத்தான் சாதியின் சாரமாகக் காட்டினார். யார் யாரோடு கூடலாம் என்ற காவல் தளர்ந்தால் சாதி நிற்காது. அந்தக் காவல் பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் விட்டுவைப்பதில்லை. வேலூர் மாவட்டத்தில் அப்படி ஒரு பெண்ணை அவருடைய வீட்டார் அடைத்துவைத்த வழக்கில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும் சொன்னது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைப்பதைக் கண்டிருக்கும் நமக்கு அந்தப் பூட்டு புதிதல்ல. 1934இல் பாலியல் கல்விக்காக மராத்தியில் இதழ் நடத்திய ஆர்.டி. கார்வே மீது ஆபாச வழக்கு வந்தபோது, அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கில் தோற்றார். வாசகர்களின் பாலியல் ஐயங்களுக்கு இதழ் தந்த பதில்களே அந்த வழக்குக்குக் காரணம் என்பது நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

மீண்டும் இடஒதுக்கீட்டுக்கு வருவோம். கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் அரசுப் பணிகளில் 1 சதவீதம் என்று இதைச் செய்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூனில், திருநரைச் சாதிபோல நடத்துவது தவறு என்று கூறி, 12 வாரங்களுக்குள் கிடைமட்ட இடஒதுக்கீடு வழங்கத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் கெடு வந்து போயிற்று.

நம் 18 சதவீதத்தில் இன்னொருவர் பங்கு கேட்கிறார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கணக்கு அப்படியல்ல. பட்டியல் சாதிப் பங்கிலிருந்து எடுக்கப்படும் இடம் பட்டியல் சாதியில் பிறந்த திருநருக்கே போகும், மொத்தம் குறையாது. நமக்குக் கவலை வேறு இடத்தில். 18 சதவீதத்தில் 1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 555 பணியிடங்களுக்கு ஓர் இடம். அருந்ததியருக்கான 3 சதவீத உள்ளொதுக்கீட்டில் 3,333க்கு ஒன்று. 2024இல் குரூப் 1 தேர்வு அறிவிக்கப்பட்டது 90 இடங்களுக்கு. ஒவ்வோர் அறிவிப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் தலித் திருநரின் முறை வருவதற்குள் அவருக்கு வயது வரம்பு கடந்துவிடும்.

எனவே அரசாணை வரும்போது சதவீதத்தை மட்டும் பார்த்துக் கைதட்டிவிடக் கூடாது. இனச்சுழற்சிப் பட்டியலில் தலித் திருநருக்கான புள்ளி எத்தனையாவது இடத்தில் வருகிறது, துறைகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்களா, ஆள் கிடைக்காத இடம் பின்னடைவுப் பணியிடமாக அடுத்த ஆண்டுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் திருநர் கிடைக்காவிட்டால் அந்த இடம் அதே வகுப்பின் ஆணுக்கோ பெண்ணுக்கோ போய்விடுகிறது. அதை அப்படியே இங்கே எடுத்துவர வேண்டியதில்லை. வீட்டாரின் ஒப்புதல் இல்லாமலே, பழைய பள்ளிப் பதிவேட்டைக் கொண்டு வட்டாட்சியர் சாதிச் சான்றிதழ் வழங்கவும் அதே ஆணையில் வழி இருக்க வேண்டும்.