குடி கொன்ற கணக்கு

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது காரில் அடிபட்டார். குடித்திருந்தார். அது தெருவுக்கே தெரியும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். கார்க்காரர் வேகமாக வந்ததுதான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். குடித்திருந்ததை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நானும்தான். சொன்னால் அண்ணிக்கு வரவேண்டிய நஷ்டஈட்டில் கை வைத்துவிடுவார்களே என்ற பயம்.

நான் பி.காம். படிக்கிறேன். எந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் எங்களுக்குப் பிழைப்பே. அதனால் இந்தச் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

2022-ல் நாடு முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. இதில் குடி, போதையின் பெயரில் எழுதப்பட்டது நாலாயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை! அதிவேகத்தின் பெயரிலோ ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான் எழுத முடியும் என்றால், குடித்துவிட்டு வேகமாக ஓட்டியவன் எந்தக் கட்டத்தில் விழுவான்? நடந்து போன எங்கள் அண்ணனுக்கோ கட்டமே கிடையாது. பட்டினப்பாக்கத்தில் குடித்துவிட்டு அலையில் இறங்குகிறவர்கள் வெறுமனே 'நீரில் மூழ்கி' இறந்தவர்கள்.

ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஆனால் உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கழித்துக்கொண்டே போகும். மூன்றாம் நாள் இறந்தவரிடம் என்ன மிச்சம் இருக்கும்? இங்கிருந்து நடக்கிற தூரத்தில், காமராஜர் சாலையில்தான் தடய அறிவியல் துறை இருக்கிறது. அங்கே மாதிரி போனாலும் பூஜ்யம்தான் வந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செத்தவர்களில் இத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்பதால் மட்டும் குடிதான் கொன்றது என்று ஆகிவிடாது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் போர்கன்ஸ்டைன் என்பவர் ஒரு நல்ல காரியம் செய்தார். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களை மட்டுமல்ல, அதே மாதிரி இடத்தில், அதே மாதிரி நேரத்தில் ஒழுங்காக ஓட்டிப் போனவர்களையும் நிறுத்தி ஊதச் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டால்தான் குடியின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

நம்மிடம் அந்த ஒப்பீடு இல்லாததால் என்ன ஆனது பாருங்கள். வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை மூடச் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பிறகு தீர்ப்பு தளர்ந்தது, பல கடைகள் திரும்பி வந்தன. சாலைச் சாவுகள் 2016-ல் 17,218, 2017-ல் 16,157, 2018-ல் 12,216. கடை மூடியதால் குறைந்ததா, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்ததாலா, போலீஸ் கெடுபிடியாலா? ஆளாளுக்கு ஒன்று சொல்லலாம், மறுக்க ஒருத்தரிடமும் கணக்கு இல்லை. கடையில் விற்ற ஒவ்வொரு பாட்டிலுக்கும் மட்டும் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

எனக்குத் தோன்றுவது இதுதான். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும், நடந்து வந்தவரோ ஓட்டி வந்தவரோ, வந்த உடனே ஒரு சோதனை. அதில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். அந்த முடிவு போலீஸுக்கோ, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ, கோர்ட்டுக்கோ போகவே கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். குடித்து ஓட்டியவன் இதில் தப்பித்துவிடுவான் என்பீர்கள். அவனைப் பிடிக்க 185-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது, அது அதன் வேலையைப் பார்க்கட்டும். எண்ணுகிற வேலையையும் தண்டிக்கிற வேலையையும் ஒரே காகிதத்தில் செய்வதால்தான் வீட்டுக்காரர்கள் பொய் சொல்கிறார்கள்.

அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் நானும் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன்.