கடலுக்கு உண்டு, மலைக்கு ஏன் இல்லை?

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கோ பலத்த வெடியோசை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் ஒரே நொடியில் கேட்டால், வெடித்த இடம் இரண்டுக்கும் சமதூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 10 நொடி முந்திக் கேட்டால், அவ்வூருக்கு ஏறக்குறைய 3,400 மீட்டர் கூடுதலாக அருகில். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்பது நாம் படித்ததுதானே! சிவகாசியிலும் ஒருத்தி நேரத்தைக் குறித்துவைத்தால் இடத்தையே கண்டுபிடித்துவிடலாம். மூவருடைய கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவே.

இதே கணக்கை வானத்தில் செய்கிறது காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு ஏற்பாடு. ஆபத்தில் சிக்கியவர் கைக்கருவியை இயக்கினால், அதன் 406 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை பல செயற்கைக்கோள்களை எட்டுகிறது. ஒவ்வொன்றையும் எப்போது எட்டியது, அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்துத் தரை நிலையம் இடத்தைக் கணிக்கிறது. அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வதால், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும்! அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்திருந்த காலத்திலேயே, கனடாவையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கின என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. 1982 செப்டம்பரில் கனடாவில் விமானம் விழுந்து தவித்த மூவர் இதனால் பிழைத்தார்கள். (அன்று அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே கணக்கிட்டார்கள்.) நம் நாட்டில் பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்கள் உள்ளன.

கடலில் செல்லும் மீனவருக்காக இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் இருக்கிறது. அதில் கணக்கு தலைகீழ். செயற்கைக்கோள்களின் அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு படகே தன் இடத்தை அறிந்து சொல்லும். 2024இல் அறிமுகமான புதிய கருவிக்குக் கரையிலிருந்து பதிலும் வரும். 2017 ஒக்கிப் புயலில் திரும்பாதவர்களை எண்ணும்போது, இது எல்லாப் படகிலும் இருக்க வேண்டும் என்போம்.

ஆனால் நம் மலைக்கு? ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே ஆயிரக்கணக்கானோர் சதுரகிரி ஏறுகிறார்கள். மேலே மழை கொட்டினால் ஓடைகள் நொடியில் பெருகும். கைபேசியோ பல இடங்களில் எடுக்காது. போனவர்கள் திரும்பாத இரவில் அவர்கள் வீடு மட்டுமா விழித்திருக்கிறது? தெருவே உறங்குவதில்லை.

விலை அதிகம் என்பார்கள். ஆளுக்கொன்று கேட்கவில்லையே! வனக்காவலர் குழுவுக்கு ஒன்று, பெரிய பக்தர் கூட்டத்துக்கு ஒன்று, இறங்கியதும் திருப்பித் தரட்டும். விளையாட்டாக அழுத்திவிடுவார்கள் என்றால், ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. அழுத்தியவர் யாரென்று தெரிந்துவிடும். அடுத்த ஆடி அமாவாசைக்குள் அடிவாரச் சோதனைச் சாவடியில் பத்துக் கருவிகளாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.